ஒரு பங்கு கேசுக்கு இருபத்தஞ்சு பங்கு காத்து

– இந்தப் பைப்பு எதுக்கு நூரண்ணே? என்ஜினை ஓட வச்சுக் குடுங்கன்னுதேன் போன்ல சொன்னேன். பைப்பு கேக்கலையே.

– இது சைலன்சருக்கு, தங்கச்சி. பத்தடி இருக்கு. முதல்ல இந்த என்ஜின் ரூம்பு செவுத்துல ஓட்டை போட்டு இதை மாட்டிருவேன். புகை பூராம் வெளிய போயிரும். அதுக்கப்புறம்தான் என்ஜினைத் தொடுவேன்.

– பத்தடிப் பைப்பைத் தோள்ல வச்சுக்கிட்டா ஏறி வந்தீங்க? பால்பாண்டி ஜீப்பு வாசல் வரைக்கும் வருமே.

– வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் போடிமெட்டுலயே எறங்கிக்கிட்டேன். கொஞ்சம் நடந்து வந்தா தேவலைன்னு இருந்துச்சு.

– என்னமோ போங்க. உக்காருங்க, மூச்சு வாங்குது. கடுங்காப்பி போட்டாறேன். பாலு இல்ல.

– பால் இல்லையா? ரெண்டு மாடு நின்னுச்சே.

– வித்துட்டேன்ணே. தைப் பொங்கல் முடிஞ்ச கையோட. ஒத்தப் பொம்பளை, ஏலக்காயைப் பாப்பேனா, மாட்டைப் பாப்பேனா?

– அப்போ சாணி கேசு? கேட்டுக்கங்க, இந்த என்ஜினு சாணி கேசுல ஓடுறதுக்காக நானே மாத்திக் குடுத்தது. சாணி இல்லாம எப்படி ஓட்டுவீங்க?

– குழி காஞ்சு கெடக்கு. அந்தா மூலையில சாக்கைப் போத்தி வச்சிருக்கேன் பாருங்க, சிலிண்டரு. அதுலதேன் ஓட்டணும்.

– சிலிண்டர்லயா?

– ஆமாண்ணே.

– வேண்டாம் தங்கச்சி.

– ஏன் வேண்டாம்?

– வேண்டாம்னா விடுங்க. பெட்ரோலுக்கே திருப்பி மாத்திக் குடுத்துர்றேன். ரெண்டு நாள் சோலிதான்.

– பெட்ரோலு வாங்க நான் கேனைத் தூக்கிக்கிட்டு போடிக்கா எறங்குறது? நேத்து முதப் பறிப்பு முடிஞ்சிருச்சு. மூணு சாக்குப் பச்சைக்காய் அந்தா தார்ப்பாய்க்கு அடியில கெடக்கு. மழை தூறுனாலே இங்க கரண்டு போயிருது. போனா எப்ப வரும்னு கரண்டாபீசுக்காரனுக்கே தெரியாது. இன்னைக்குள்ள காய் உலர்த்துற கூண்டுல ஏத்தலைன்னா வெளுத்துப் போகும். வெளுத்த காயை ஏலத்துல கையில எடுத்துக்கூடப் பாக்க மாட்டாங்க.

– விறகு அடுப்பு இருக்குல்ல?

– அடுப்பு இருந்து என்ன? அனலை மேல தள்ளுறதுக்குக் காத்தாடி ஓடணும். காத்தாடி நின்னா அடித்தட்டுக் காயி கருகும், மேல்தட்டுக் காயி அழுகும். காத்தாடி ஓட என்ஜினு ஓடணும். உங்களுக்குத் தெரியாததா?

– தெரியும். ஆனா சிலிண்டர் மட்டும் வேண்டாமேன்னு பாக்கேன்.

– எம் மக சுஜிதா திருப்பூருலேருந்து கெடு வச்சிருக்கா. இந்தத் தடவை காயி உலர்த்த முடியலைன்னா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு அவகிட்ட வந்துரணுமாம். வீட்டுல ஒரு கட்டிலு போட்டு வச்சிருக்காளாம் எனக்கு.

– நல்லதுதானே. இந்தக் காட்டுல தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க? பெத்த பிள்ளை கூப்பிடுது.

– நான் போகலண்ணே.

– ஏன் இப்படிப் பிடிவாதம்?

– அது என் பாடு. நீங்க பைப்பை மாட்டுங்க. நான் காப்பி கொண்டாறேன்.

...

– இந்தாங்க, சுடச்சுடக் குடிங்க. ஓட்டை போட்டாச்சா?

– போட்டு, பைப்பையும் மாட்டியாச்சு. சந்துல களிமண்ணு அப்பியிருக்கேன். ரெண்டு நாள்ல இறுகிரும். வெளிய பைப்பு வாயில கோழி கீழி அண்டாமப் பாத்துக்கங்க.

– கோழியும் இல்ல. ஒரு பூனை இருக்கு. அதுவும் பக்கத்துத் தோட்டத்து மலையாளத்துக்காரங்களோடது. சோறு போட்டா வரும், இல்லைன்னா நான் யாருன்னே தெரியாது அதுக்கு.

– இங்க பேச்சுத்துணைக்கு யாரு வர்றாங்க?

– பறிப்பு நாள்ல வேலைக்கு ஆளு வரும். மத்த நாள்ல நான்தேன். செவ்வாக்கிழமை ஆயம்மாக்கா கீரை கொண்டாரும். அந்தக்கா காது கேக்காத மனுசி. நாலு வார்த்தை கத்திப் பேசுறதுக்குள்ள தொண்டை வத்திரும். சரி, இப்ப என்ன பண்றீங்க?

– இங்க வந்து பாருங்க. இது மூணு வாய்க் குழாய். இந்த வாய்ல கேசு வரும். இந்த வாய்ல காத்து வரும். ரெண்டும் கலந்து மூணாவது வாய் வழியா என்ஜினுக்குள்ள போகும். கேசு மட்டும் போனா எரியாது, காத்து மட்டும் போனாலும் எரியாது. ரெண்டும் அளவோட சேரணும்.

– என்ன அளவு?

– சாணி கேசுன்னா ஒரு பங்குக்கு ஆறு பங்கு காத்து போதும். அது தண்ணி கலந்த மோர் மாதிரி, வீரியம் கம்மி. சிலிண்டர் கேசு அப்படியில்ல. ஒரு பங்குக்கு இருபத்தஞ்சு பங்கு காத்து கேக்கும். சாணி கேசுக்குத் திறந்த திறப்புல சிலிண்டர் கேசை விட்டோம்னா...

– விட்டோம்னா?

– கேசு கூடிப் போகும். முழுசா எரியாது. எரியாத மிச்சம் புகையில விசமா வரும். அந்த விசத்துக்கு நெறமும் கிடையாது, வாசமும் கிடையாது. உள்ள ஏறுனா முகம் செவந்து, ஆளு தூங்குற மாதிரியேதான் இருக்கும்.

– ம்.

– அதுக்குத்தான் இது. இந்தப் பித்தளைத் திருகைப் பாருங்க, நடுவுல ஊசி போற ஓட்டை. இதைக் கேசு வர்ற வாய்ல மாட்டிட்டா, வால்வை யாரு எவ்வளவு திறந்தாலும் இந்த ஓட்டைக்கு மேல கேசு உள்ள போகாது. கண்ணை மூடிக்கிட்டுத் திறந்தாலும் போகாது.

– இதைச் சட்டைப் பையிலேருந்து எடுக்குறீங்க?

– பையில கெடந்துச்சு.

– நான் போன்ல சிலிண்டர்னு சொல்லவே இல்லையே. இப்பத்தேன சொன்னேன். அதுக்குள்ள எப்படிச் செஞ்சு கொண்டாந்தீங்க?

– இது முன்னாடியே செஞ்சது.

– எப்ப?

– போன ஐப்பசியில.

– ஐப்பசியில எப்பண்ணே?

– கேட்டுக்கங்க தங்கச்சி, நேரமாகுது. என்ஜினைப் பாப்போம். நீங்க வாசல்ல நில்லுங்க. உள்ள வரவேண்டாம். கயிறை இழுக்கப் போறேன்.

– வாசல்ல நின்னா எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு நான்தேன ஓட்டணும்?

– பாக்க வேண்டாம், கேளுங்க. கலவை சரியா இருக்கான்னு சத்தத்துலதான் பிடிக்கணும். எழுதி வச்சுக்க முடியாது. மழை நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், வெயில் நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். ம்ம்... பிடிக்க மாட்டேங்குது.

– இன்னொரு இழுப்பு இழுங்க.

– கேசு பத்தல. இந்தா, கொஞ்சூண்டு திறக்கேன்.

– ஆத்தாடி! வெடிக்குதுண்ணே!

– பயப்படாதீங்க! காத்து கூடி, கேசு கொறைஞ்சா இப்படித்தான் பட்டு பட்டுன்னு திருப்பி அடிக்கும். அது நல்லதுதான், கத்திச் சொல்லிருதுல்ல? இப்ப இன்னும் ஒரு மயிரிழை கூட்டுறேன். இப்ப எப்படி இருக்கு?

– ஓடுது. ஆனா ஏறி ஏறி எறங்குது. கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு கியரு மாத்துற மாதிரி.

– சரியாச் சொன்னீங்க. எனக்கும் அப்படித்தான் கேக்குது. ஆனா நீங்களே சொல்லுங்க. என் காதை நான் இப்ப நம்புறதில்ல.

– முப்பது வருச மெக்கானிக்கு, காதை நம்பலையா?

– நம்பல. நீங்க சொல்லுங்க.

– எங்காது நல்லாருக்கு. இந்த மலையில பேச ஆளில்லாம ஏலச்செடிக்குள்ள எலி ஓடுறதுகூடக் கேக்குது எனக்கு. கூட்டுங்க... இன்னும்... நிறுத்துங்க. இப்ப ஒரே சீரா இருக்கு.

– இது சும்மா ஓடுற ஓட்டம். லோடு குடுத்துத்தான் பாக்கணும். காத்தாடி பெல்ட்டை மாட்டுறேன், கையைத் தள்ளி வச்சுக்கங்க. ம், இப்ப?

– தெணறுது.

– கேசு கேக்குது. கூட்டுறேன்.

– இப்ப நல்லா இழுக்குது. காத்தாடி சத்தம் அடுப்புப் பக்கம் கேக்குது.

– இதுக்கு மேல எதுவரைக்கும் வேகம் கூடுதோ அதுவரைக்கும் போயி, அங்கேருந்து ஒரு துளி பின்னால வரணும். அந்த இடம்தான் கணக்கு. இந்தா, இந்த இடம். வால்வுல சிவப்பு பெயிண்டு அடிக்கேன், பாத்து வச்சுக்கங்க. இப்ப ஒண்ணு காட்டணும். இந்தப் பித்தளைத் திருகைக் கழட்டிட்டு, வேணும்னே கேசைக் கூட்டி ஓட்டிக் காட்டுறேன். ரெண்டு நிமிசம்தான். அந்தச் சத்தத்தை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கங்க.

– சரிண்ணே.

– கேக்குதா?

– நல்லாத்தேன இருக்கு? முன்னைக்கு இப்ப இன்னும் மெத்துன்னு இருக்கு. இரைச்சலே இல்ல.

– அதான்! அதான் தங்கச்சி. இந்த மெத்துன்ன சத்தத்தை நம்பிறாதீங்க. காத்து கூடுனா என்ஜினு கத்திச் சொல்லும். கேசு கூடுனா சொல்லாது. தாலாட்டுற மாதிரி ஓடும். நல்லா ஓடுதுன்னு ஊரே சொல்லும். நிறுத்திர்றேன். நிறுத்திட்டேன்.

– ஏன்ணே, திருகைத் திரும்ப மாட்டாம கையில வச்சுக்கிட்டே நிக்கிறீங்க? வெளிய வாங்க. இந்தக் கல்லுல உக்காருங்க.

– ஒண்ணுமில்ல. மலை ஏறுனது.

– மலை ஏறுனதுல கண்ணு கலங்குமா?

– புகை.

– புகைதேன் பைப்பு வழியா அந்தப் பக்கம் போகுதே.

– தங்கச்சி, உங்களை ஒண்ணு கேக்கலாமா? தேனியில, சின்னமனூர்ல எத்தனையோ மெக்கானிக் இருக்காங்க. நான் கடையைத் திறந்தே மாசக்கணக்கா ஆகுது. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

– அதுக்குத்தேன் கூப்பிட்டேன். கடையைத் திறக்காம உக்காந்திருக்கீங்கன்னு பால்பாண்டி சொன்னான். ரசியாக்கா அவன்கிட்ட அழுதிருக்கு. "என்ன ஏதுன்னு வாயத் திறந்து சொல்ல மாட்டேங்குறாரு, சாப்பிட உக்காந்தா பாதியில எந்திரிச்சிர்றாரு"ன்னு சொல்லுச்சாம்.

– ரசியா ஏன் ஜீப்புக்காரன்கிட்டப் போயி...

– அண்ணே, என் வீட்டுக்காரரு செல்லு என்கிட்டத்தேன் இருக்கு. அவரு கடைசியாப் பேசுன நம்பரு உங்களோடது. பதினோரு நிமிசம். அதுக்கப்புறம் உங்க நம்பருலேருந்து நாலு தடவை வந்திருந்துச்சு. நாலும் எடுக்காத போனு.

– உங்களுக்குத் தெரியுமா?

– அன்னைக்கே தெரியும்.

– பத்து மாசமாத் தெரியுமா?

– சாவுக்கு வந்தீங்க. கூட்டத்துக்குப் பின்னால, அந்தப் பலா மரத்துக்கிட்ட நின்னீங்க. கிட்டவே வரல. அப்பவும் பாத்தேன்.

– யா அல்லா.

– அவரு என்ன சொன்னாரு? பதினோரு நிமிசம் என்ன பேசுனீங்க? எனக்கு அது வேணும்ணே.

– சொல்லிர்றேன். சொல்லத்தான் நடந்தே வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் சொல்லணும் சொல்லணும்னு வந்தேன். அன்னைக்கு நான் கம்பத்துல இருந்தேன். கொழுந்தியா மக நிக்காஹ். பந்தியில உக்காந்து ஒரு வாய் வச்சிருப்பேன், சோலைமலை போன் அடிக்கிறாரு. மூணு நாளா மழை, குளிருல சாணிக் குழி கேசு விட மாட்டேங்குது, கரண்டும் இல்ல, காத்தாடி நின்னா காயெல்லாம் போயிரும், அடுப்படி சிலிண்டரை மாட்டலாமான்னு கேட்டாரு. நான் என்ன சொல்லியிருக்கணும்? "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க"ன்னு சொல்லியிருக்கணும்.

– என்ன சொன்னீங்க?

– "மாட்டுங்க, வால்வைப் பாதி மூடிக்கங்க"ன்னேன். பாதி! நான் யோசிக்கவே இல்ல. இலை முன்னால இருக்கு, சுத்தி ஒரே சத்தம். மாட்டிட்டு செல்லை என்ஜின் பக்கத்துல காட்டுனாரு. ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டேன். மெத்துன்னு ஓடுது. "ஆகா, பிரமாதமா ஓடுது சோலைமலை, அப்படியே விட்டுருங்க"ன்னேன். அவருக்குச் சந்தோசம். சிரிச்சாரு. நாளைக்கு வந்து சரியா வச்சுத் தர்றேன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போனேன். கை கழுவுறப்பதான் மண்டையில ஒறைச்சுச்சு. சிலிண்டர் கேசு அந்தத் திறப்புல மெத்துன்னு ஓடுனா, அது சரியில்லையேன்னு. உடனே போட்டேன். எடுக்கல. திரும்பப் போட்டேன்.

– நாலு தடவை.

– நாலு தடவை. தூங்குறாரு போலன்னு விட்டுட்டேன். பால்பாண்டிக்குப் போட்டிருக்கலாம். மெட்டுல டீக்கடைக்குப் போட்டிருக்கலாம். ஒரு ஆளை ஓடச் சொல்லியிருக்கலாம். செய்யல தங்கச்சி. மாப்பிள்ளையோட போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க, போயிட்டேன். அந்தப் போட்டோவுல நான் சிரிச்சுக்கிட்டு நிக்கேன். வீட்டுல மாட்டி வச்சிருக்காங்க.

– அந்தப் பித்தளைத் திருகு?

– காரியம் முடிஞ்ச வாரம் செஞ்சேன். யாருக்காகச் செஞ்சேன்னு எனக்கே தெரியல. செஞ்சு பையில போட்டுக்கிட்டு அலையிறேன். ரசியாகிட்டகூடச் சொல்லல. போலீசு விசாரிச்சப்ப என்னைத் தேடி வருவாங்கன்னு தினம் குளிச்சு ரெடியா உக்காந்திருந்தேன். யாருமே வரல.

– வரமாட்டாங்க. அவங்க செல்லை வாங்கிப் பாக்குறதுக்கு முன்னாடி உங்க நம்பரை அழிச்சிட்டேன்.

– ஏன்? ஏன் அப்படிச் செஞ்சீங்க? உங்க புருசனைக் கொன்னவன் நான்.

– அப்படிச் சொல்லாதீங்க.

– வேற எப்படிச் சொல்ல? உங்களைத் தாலியறுக்க வச்சேன். இந்தக் காட்டுல அனாதையா உக்கார வச்சேன். ஒரே ஒரு விசயம்தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. நான் தப்பாத்தான் சொன்னேன். ஆனா போன்ல ரெண்டு தடவை சொன்னேன் தங்கச்சி, "கதவை மட்டும் திறந்தே வைங்க"ன்னு. "திறந்துதான் இருக்கு, காத்துக்கு அடிக்காம இருக்கக் கல்லு முட்டுக் குடுத்திருக்கேன்"னு அவரே சொன்னாரு. கதவு திறந்திருந்தா அந்தப் புகை அவரை ஒண்ணும் செஞ்சிருக்காது. குளிருக்குச் சாத்திக்கிட்டாருன்னு ஊருல சொல்றாங்க. சொன்னா கேக்குற மனுசன், எப்படிச் சாத்துனாரு?

– அண்ணே, நீங்க காப்பியக் குடிக்கவே இல்ல. ஆறிப் போச்சு.

– இருக்கட்டும்.

– நான் ஒண்ணு சொல்றேன், குறுக்கப் பேசாமக் கேக்குறீங்களா?

– சொல்லுங்க.

– அவருக்கும் எனக்கும் அப்பப் பேச்சு இல்ல. பதினோரு நாளு. நான்தேன் இந்த மலை வேண்டாம், திருப்பூருக்கு மககிட்டப் போயிருவோம்னு நின்னேன். அவரு செடியை விட்டு வரமாட்டேன்னு நின்னாரு. ஒரே வீட்டுக்குள்ள சோத்தைத் தட்டுல போட்டு வச்சிட்டு நான் போயிருவேன், தின்னுட்டுத் தட்டைக் கழுவி வச்சிட்டு அவரு போயிருவாரு. அவ்வளவுதேன்.

– ம்.

– அன்னைக்கு மத்தியானம் சோத்தை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். என்ஜினு நீங்க சொன்ன மாதிரிதேன் மெத்துன்னு ஓடுது. அவரு சாக்குல சாஞ்சு தூங்குறாரு. மூணு நாளாக் கண்ணு மூடாத மனுசன். வாயி லேசாத் திறந்திருக்கு. எழுப்புனாப் பேசணும், பேசுனாச் சண்டை வரும். சோத்தை ஓரமா வச்சேன். மழைச்சாரலு உள்ள வரைக்கும் அடிக்குது. அவரு காலு ரெண்டும் நனைஞ்சு வெளுத்துக் கெடக்கு.

– தங்கச்சி...

– குறுக்கப் பேசாதீங்கண்ணே. சாயந்தரம் வந்து பாத்தப்பக்கூட எனக்குத் தெரியலண்ணே. முகமெல்லாம் செவசெவன்னு அப்படி ஒரு களையா இருந்துச்சு. அப்பாடா, மனுசனுக்குக் குளிரு விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டேன்.

– அப்போ... அந்தக் கதவு...

– பதினோரு நாளா அவருக்கு நான் செஞ்ச ஒரே நல்லது அதுதேன் அண்ணே. குளிருமேன்னு கல்லை ஒதுக்கிட்டு, தூக்கம் கலைஞ்சிறாம, கதவை மெதுவாச் சாத்திட்டு வந்தேன்.